அண்ணியின் செலோ

கூலாய்
ஜொகூர், மலேசியா
17 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டீர்கள். குடும்பக் குரூப்பிலிருந்தும் போய்விட்டீர்கள். அண்ணனிடமாவது சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தால், "நான் என்ன ஒங்க ரெண்டு பேருக்கும் போஸ்மேனா? எனக்கு ஒண்ணுமே தெரியாது லா" என்று சொல்லிவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த இட்லியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு வழியில்லாமல் ஸ்டாம்பு வாங்கியிருக்கிறேன்.

கோபம் எதற்கென்று தெரியாத மாதிரி நடிக்கப் போவதில்லை. தீபாவளியன்று சாப்பாட்டுக்குப் பிறகு, செலோ வாசித்தது யாரென்று சொல்லாமல், எல்லாரையும் உட்கார வைத்து நம் மழைப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் உலு திராமிலிருந்து, ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் அந்தச் செலோவைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்! என் பின்னறையில் ஃபேன்கூடப் போட முடியாமல், சுவரில் சாத்திய மெத்தைகளுக்கு நடுவில் வேர்க்க விறுவிறுக்க வாசித்தீர்கள். உங்கள் செலோ வந்த இடத்தில் அண்ணன் வாய் நிறைய முறுக்கோடு, "இந்தக் கம்ப்யூட்டர் செலோ நல்லாருக்கே தேனு" என்றார். நீங்கள் எழுந்து போய் அறையிலிருந்த செலோவை எடுத்துக் காரில் வைத்தீர்கள். அம்மா கையில் பாயசத்தோடு வாசல்வரை வந்தும் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள்.

அண்ணி, அண்ணனுக்குச் செலோவும் தெரியாது, சிந்தசைசரும் தெரியாது. அவர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா? நான் செய்ததும் ஒரே ஒரு வேலைதான். நீங்கள் எப்போதும் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் வருகிறீர்கள். கம்ப்யூட்டர் திரையில் தாளத்துக்குக் கோடுகள் இருக்கும். உங்கள் ஒவ்வொரு ஒலியையும் பிடித்து இழுத்து, அதனதன் கோட்டில் நிறுத்தினேன். வீட்டில் பாட்டுச் செய்யும் எல்லாரும் செய்வதுதான்.

பிப்ரவரியில் செல்வராணி டீச்சரின் மாணவிகள் இந்தப் பாட்டுக்குத்தான் ஆடப் போகிறார்கள். என் பாட்டு இந்த அறையைவிட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை. நடுப்பகுதிக்கு இன்னும் செலோ வாசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவீர்கள்தானே?

தேன்மொழி


உலு திராம்
26 நவம்பர் 2024

தேனு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்துவிட்டுப் பிரித்தேன்.

ஒரே ஒரு வேலைதான் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். நான் போட்ட கோலத்தை அழித்துவிட்டு, அதே இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, கோலம் அங்கேதானே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

உன் அண்ணன்மேல் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் வேலை முடிந்து வந்து வாசிக்கும்போதெல்லாம் அதே ஹாலில், அதே சோபாவில் உட்கார்ந்திருக்கிற மனிதர். டிவியில் பந்து விளையாட்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் பார்ப்பார், எனக்காக. அந்த மனிதருக்கு என்னைத் தெரியவில்லையே என்று அன்று காரில் அழுதேன். அப்புறம் யோசித்தேன். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நீ போட்டுக் காட்டியதில் நான் இல்லை. மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இதை அவரிடம் சொல்லிவிடாதே. எதற்குக் கோபம் என்று தினமும் கேட்கிறார், நானும் சொல்லவில்லை. நாம் சொல்லிக்கொடுத்து, அடுத்த தடவை அவர், "ஆமா ஆமா, இது சாந்தினிதான்" என்றால் எனக்கு என்ன சந்தோஷம்?

நடுப்பகுதிக்குக் கம்ப்யூட்டர் செலோவையே போட்டுக்கொள். உன்னிடம்தான் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவே இருக்கிறதே. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியவில்லை என்பதைத்தான் பார்த்துவிட்டோமே.

பாயசத்துக்காக அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

சாந்தினி


கூலாய்
4 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கும் கோபம் வந்தது. போட்டுக்கொள் என்றீர்கள் அல்லவா, போட்டேன். ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் உட்கார்ந்து நடுப்பகுதி முழுவதும் கம்ப்யூட்டர் செலோவையே போட்டேன்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. அண்ணி இல்லாவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன், உள்ளதைச் சொல்கிறேன். மறுநாள் கேட்டால் சாப்பாட்டில் உப்பைக் காணோம். உங்களுக்குத் தெரியுமே, அந்த வயலின், ஹார்ன் என்கிற ஊதுகுழல் எல்லாம் யாரோ எங்கேயோ வாசித்துப் பதிவு செய்து விற்பவை. நான் கீபோர்டைத் தட்டினால் அவை வருகின்றன. அவற்றுக்கு மேலே நிஜமான ஒரே ஒரு செலோ இருந்தால் போதும், அடியில் இருக்கும் அத்தனையும் நிஜம் என்று காது நம்பிவிடும். அந்த ஒன்றும் பொய் என்றால் மொத்தமும் பல்லை இளித்துவிடுகிறது.

இன்னொரு கூத்து கேளுங்கள். எல்லாம் கோட்டில் நிற்பதால்தான் இப்படி இருக்கிறது என்றால், கோட்டைவிட்டுக் கொஞ்சம் தள்ளி வர வைப்பதற்கும் இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் இருக்கிறது. மனுஷன் வாசித்த மாதிரி ஆக்குமாம். அதை அமுக்கினேன். அலமாக், அண்ணி! பசார் மாலாம் இரவுச் சந்தையில் குடித்துவிட்டு நடக்கிறவன் மாதிரி, ஒரு தடவை முன்னால் ஓடுகிறது, ஒரு தடவை பின்னால் நிற்கிறது. நீங்கள் தாமதமாக வருவது அப்படி இல்லை. உங்கள் பழைய பதிவைப் போட்டுக் கேட்டேன். சில இடத்தில்தான் தாமதிக்கிறீர்கள், சில இடத்தில் டாண் என்று வந்துவிடுகிறீர்கள். எப்போது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதனால் நேராகவே கேட்கிறேன். ஏன் அண்ணி லேட்டாக வருகிறீர்கள்?

அம்மா தினமும் என்னைத்தான் முறைக்கிறார். மருமகள் பாயசம் குடிக்காமல் போனதற்கு நான்தான் காரணமாம். காரணம் நான்தான், ஆனாலும் தினமும் கேட்க வலிக்கிறது.

தேன்மொழி


உலு திராம்
12 டிசம்பர் 2024

தேனு,

இதுவரை எல்லாரும் லேட் என்று திட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டது நீதான். பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் எங்கள் மாஸ்டர் குச்சியால் ஸ்டாண்டைத் தட்டி என் பெயரைச் சொல்லாத நாள் கிடையாது. உன் அண்ணன் கதையே வேறு. ஒவ்வொரு கல்யாண வீட்டுக்கும் தாலி கட்டி முடிந்தபிறகு போவது என்னால்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் வேண்டுமென்று தாமதிப்பதில்லை. எனக்கு முன்னால் ஒரு சத்தம் போய்க்கொண்டிருந்தால், அது முடியட்டும் என்று நிற்கிறேன், அவ்வளவுதான். உன் பாட்டில் அந்த சிந்தசைசர் மெல்ல ஏறி மெல்ல அடங்குகிறதே, அது முழுதாக அடங்கும் முன்னால் வில்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் பேசி முடிக்கும் முன்னால் குறுக்கே பேசுகிற மாதிரி இருக்கிறது. முன்னால் எதுவும் இல்லாத இடத்தில் நேரத்துக்கு வந்துவிடுவேன். இதை நான் வேலை செய்யும் சிங்கப்பூர் பல் கிளினிக்கிலும் சொல்வார்கள், சாந்தினி மட்டும்தான் பேஷண்ட் பல்வலியைச் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறாள் என்று.

சரி, இனி அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எங்கள் தாமானில் மூன்றாவது வீட்டு வரிசையில் இருக்கும் லிம்மின் மகள் அடுத்த வருடம் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் சேர்கிறாளாம். செலோவை விலைக்குக் கொடுப்பீர்களா என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டேன். தீபாவளியிலிருந்து அந்தப் பெட்டியை நான் திறக்கவே இல்லை. வாசிக்கிறவள் கையில் இருக்கட்டும்.

உன்மேல் கோபம் குறைந்துவிட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் வாசிக்கிற ஆசையும் அதோடு சேர்ந்து போய்விட்டது போல் இருக்கிறது.

சாந்தினி


உங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே, காருக்குள்
20 டிசம்பர் 2024

அண்ணி,

கடிதம் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. ஃபேக்டரிக்கு லீவு போட்டேன். இனிமேல் இதை போஸில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது என்று நானே எடுத்துக்கொண்டு வந்தேன். மணி அடித்துப் பார்த்தேன். ஹாலில் விளக்கு எரிந்தது, அப்புறம் அணைந்துவிட்டது. பரவாயில்லை. மடியில் வைத்து எழுதுகிறேன், மழை வேறு, எழுத்து கோணலாக இருக்கும்.

இந்தப் பிளாஸ்டிக் பையில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. நான் இழுத்து நிறுத்தியதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் செலோவை முதலில் வாசித்தபடியே எடுத்தேன். அதைத் தொடவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட அப்படியே இருக்கிறது, அம்மா அடுப்படியில் கரண்டியைக் கீழே போட்டதும் இருக்கிறது. பிறகு மற்ற எல்லாவற்றையும் பெயர்த்தேன். டிரம், சிந்தசைசர், கம்ப்யூட்டர் வயலின், ஹார்ன், ஒவ்வொன்றையும் கோட்டிலிருந்து எடுத்து நீங்கள் வருகிற இடத்துக்குக் கொண்டுவந்தேன். சிந்தசைசர் அடங்கும்வரை நீங்கள் நிற்கிறீர்கள், நீங்கள் வரும்வரை டிரம் நிற்கிறது. மூன்று நாளாக இதே வேலை. கண் இரண்டும் பிதுங்கிவிட்டன.

என் பக்கத்து நியாயம் என்று ஒன்று வைத்திருந்தேன், எல்லாரும் செய்வதுதானே என்று. அது போய்விட்டது. எனக்கு உங்கள் செலோ வேண்டும், அண்ணி. லிம்முக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை இதைக் கேளுங்கள்.

மழை விட்டதும் கிளம்பிவிடுவேன். அண்ணனுக்கு எதுவும் சொல்லவில்லை.

தேனு


உலு திராம்
5 ஜனவரி 2025

தேனுக்குட்டி,

அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். திரைச்சீலை வழியாக உன் மைவி காரைப் பார்த்தேன். விளக்கை அணைத்ததும் நான்தான். நீ ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்து எழுதினாய். கதவைத் திறக்க இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். இதற்கும் லேட்தான்.

மறுநாள் கிளினிக்குக்குப் போகும்போது பென்டிரைவைக் காரில் செருகினேன். தெப்ராவ் சாலையில் வழக்கம்போல் ஜாம். வண்டி நகரவில்லை. சிந்தசைசர் ஏறி, அடங்கி, அடங்கி, அடங்கிக்கொண்டே போனது. எனக்கே பயமாகிவிட்டது, எங்கே செலோ என்று. அப்போது வந்தேன். டிரம் எனக்குப் பின்னால் வந்தது. இத்தனை வருடத்தில் ஒரு பாட்டு எனக்காக நின்றது அன்றுதான், தேனு. முன்னால் ஜாம் விட்டது தெரியாமல் நான் அப்படியே இருந்திருக்கிறேன், பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்.

லிம்மிடம் நானே போய், விற்கும் எண்ணம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். மனிதருக்கு முகம் சுருங்கியது. ஜொகூர் பாருவில் நான் வாங்கிய கடையைச் சொல்லிக் கொடுத்தேன், மகளுக்குப் பொருத்தமான சின்ன அளவே அங்கே கிடைக்கும்.

நடுப்பகுதியை வாசிக்க வருகிறேன். ஒரு நிபந்தனை. வாசித்த பிறகு செலோ உன் அறையிலேயே இருக்கட்டும். அதுவரை இங்கே ஸ்டோர் ரூமில் துணி போட்டு மூடி ஒளித்து வைத்திருக்கிறேன். வீட்டு மூலை காலியாக இருப்பதைப் பார்த்து உன் அண்ணன், "லிம்முக்குக் கொடுத்திட்டியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, அவராகவே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அன்று இரவு சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லப்போவதில்லை. நான் கூலாய்க்குப் போவது அத்தைக்குப் பொங்கல் வேலையில் ஒத்தாசை செய்ய என்று இருக்கட்டும். மேடையிலும் என் பெயரைச் சொல்லச் சொல்லாதே.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்காதே. அவர் ஒரே ஒரு தடவை தானாகவே கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் நானே சொல்லிவிட்டு வாழ்க்கையை ஓட்டுவேன்.

இதுவரை வெள்ளி சனி லீவு விட்ட ஜொகூருக்கும் ஜனவரியிலிருந்து சனி ஞாயிறு லீவாகிவிட்டது என்று எல்லாரும் குதிக்கிறார்கள். எனக்கு சிங்கப்பூரில் சனிக்கிழமை வேலைதான். அதனால் டீச்சரின் நிகழ்ச்சிக்கு நான் வர முடியாது. நீ பார்த்துவிட்டு எழுது, போனில் சொல்லாதே. உன்னை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், ஆனாலும் எழுது.

சாந்தினி அண்ணி


கூலாய்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணி,

போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்துவிட்டு, இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். இதற்கே எனக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும்.

முதலில் பிள்ளைகளைப் பற்றி. ஒத்திகையில் அவர்கள் பட்ட பாடு! மழை இறங்குகிற இடத்தில் பாட்டு நிற்கும், அவர்கள் முன்னால் காலை வைத்துவிடுவார்கள். இதற்கு எப்படித் தாளம் எண்ணுவது என்று என்னிடம் வந்து கேட்டார்கள். எண்ணாதீங்க, கேளுங்க என்று செல்வராணி டீச்சர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மேடையில் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். மண்டபத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

நான் பின்வரிசைக்குப் பின்னால் லேப்டாப்போடு இருந்தேன். பக்கத்தில் அண்ணன். என் பையைப் பார்த்துக்கொள்ளத்தான் உட்கார வைத்தேன். அவர் கையில் வடை, வாயில் பாதி. சிந்தசைசர் அடங்கிக்கொண்டே போகிறது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, பாட்டுக்காக இல்லை அண்ணி, இந்த மனிதருக்காக. உங்கள் வில் இறங்கியது.

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அவர் கையைத் தொட்டு அண்ணன் சொன்னார், "இது என் வீட்டுக்காரிங்க. அவ எப்பவும் கொஞ்சம் லேட்டாத்தான் வருவா."

பெரியவர் மேடையில் ஆடுகிற பிள்ளைகளில் யாரோ என்று தேடினார். கண்ணீரில் எனக்கு முன்னால் லேப்டாப் திரை மங்கிவிட்டது, அடுத்த பாட்டுக்கு எந்தப் பட்டனை அமுக்குவது என்றே தெரியவில்லை. டீச்சர் ஓரத்திலிருந்து கையைக் காட்டிய பிறகுதான் அமுக்கினேன்.

நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா மேல் சத்தியம்.

தேனு


உலு திராம்
2 மார்ச் 2025

என் தேனு,

உன் கடிதம் வராவிட்டால், அந்தப் பெரியவரிடம் இவர் சொன்னது எனக்குத் தெரிந்தே இருக்காது. அன்று இரவு நான் வேலை முடிந்து வந்ததும் நிகழ்ச்சி எப்படி என்று கேட்டேன். உன் அண்ணன், "வடை நல்லாருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். மனதுக்குள் சரி, போகட்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். அழவில்லை, ஆனால் தூக்கமும் வரவில்லை.

காலையில் எழுந்து வந்தால் ஹாலில் சத்தம். செலோ போனதிலிருந்து அந்த மூலையில் அவர் அடுக்கி வைத்திருந்த துணிக்கூடைகளையெல்லாம் அப்புறப்படுத்தியிருந்தார். தரையைக் கூட்டி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நிற்பது தெரிந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. "எப்ப போயி எடுத்திட்டு வரலாம்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. உன் கடிதம் நான்கு நாள் கழித்து வந்தது. படித்துவிட்டு அவரிடம் காட்டவில்லை, அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெரியவரிடம் சொன்னது அவருக்கும் பெரியவருக்கும் இடையில் இருக்கட்டும். எனக்குத் தெரியும் என்பதே போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வருகிறோம், செலோவை எடுத்துப் போக. எடுப்பதற்கு முன்னால் அடுத்த பாட்டை வாசித்துப் பார்த்துவிடலாம், ஏதோ ஹார்ன் வைத்து ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாயே. அத்தையிடம் பாயசம் வைக்கச் சொல், இந்தத் தடவை குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். பத்து மணிக்கு வருகிறோம் என்று சொல்லி வை. எப்போது வந்து சேருவோம் என்று உனக்குத் தெரியும்.

அண்ணி